பட்டுப்புடவைக்கு நடுவில் ஜப்பான்

அம்மா மிளகு டப்பாவைத் திறந்து, மிளகுக்குள் விரலை விட்டுத் துழாவி, பீரோ சாவியை எடுத்தாள். திருடன் மிளகு டப்பாவில் கை வைக்க மாட்டான் என்பது அவளுடைய கணக்கு. புடவைத் தலைப்பில் சாவியைத் துடைத்துக்கொண்டே படுக்கையறைக்குள் போனாள். ஹாலில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

பீரோ கதவு திறக்கும்போது எழும் அந்தக் கிறீச் சத்தம் எங்கள் வீட்டில் வருஷத்துக்குச் சில முறைதான் கேட்கும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், யாராவது கல்யாணம். அன்றைக்கு இவை எதுவுமில்லை. ஆனாலும் திறந்தாள். பட்டுப்புடவை அடுக்குக்கு நடுவே கையை விட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை டப்பாவை வெளியே எடுத்தாள்.

அந்த டப்பாவுக்குள் இருந்த தேயிலைப் பொடியை நம்பித்தான் என் தோழி கஸ்தூரியின் வாழ்க்கை அன்றைக்கு நின்றுகொண்டிருந்தது. நான் மிகைப்படுத்தவில்லை. கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கேன்டீன் சாம்பாரைத் திட்டி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் கோபமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லை அம்மா. இந்த வாரம் யாரையும் திட்டப்போவதில்லை, என் அம்மாவைத் தவிர.

கேன்டீனில் கேட்ட அடுத்த வரி

சிறுசேரியில் பெரிய பெரிய கம்பெனிகள் வந்து உட்கார்ந்த புதிது. சோழிங்கநல்லூரைத் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பாதி கட்டின கட்டடங்களும், அவற்றின் நிழலில் படுத்திருக்கும் மாடுகளும்தான். தாம்பரத்தை ஒட்டிய சேலையூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. பிறவிக்குணத்துக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

வெளியில் சொல்ல வெட்கப்பட்ட ஒரு விஷயம் எனக்கு இருந்தது. எனக்கு ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். காலேஜ் படிக்கும்போது டிவியில் தமிழில் பேசவிட்டுப் போடுவார்களே, அதில் பிடித்தது. வேலைக்குப் போய், பிஎஃப் பிடித்தம் எல்லாம் ஆரம்பித்த பிறகும் விடவில்லை. கண் பாதி முகத்துக்கு இருக்கும் பெண்கள், ஒரு வாளி ஜெல் தடவினது போல முடி நிற்கும் பையன்கள். ஆபத்து வந்தால் எல்லோரும் சுத்தத் தமிழில் "அடடா, இப்போது என்ன செய்வது!" என்பார்கள். தாம்பரத்தில் ஆபத்து வந்து யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, மலையடிவாரத்து ரயில் நிலையம் ஒன்றில் டீக்கடை நடத்தும் ஒரு சின்னப் பெண்ணின் கதை. சண்டை கிண்டை கிடையாது. ரயில் வரும், யாராவது இறங்குவார்கள், அவள் டீ கொடுப்பாள், சோற்று உருண்டை கொடுப்பாள். சாப்பிட்டவர் அழுவார் அல்லது சிரிப்பார், அடுத்த ரயிலில் போய்விடுவார். அந்தச் சோற்றிலிருந்து ஆவி எழும்புவதைக் காட்டும்போது எனக்கு வயிறு கத்தும். படத்தில் வரைந்த சோற்றுக்கு நாக்கில் எச்சில் ஊறுவது என்ன நியாயம் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒருநாள் கேன்டீனில் தட்டைக் கழுவப் போடும்போது அந்தக் கதையின் தமிழ் டைட்டில் பாட்டு என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. முதல் வரிதான் முணுமுணுத்தேன். பின்னாலிருந்து யாரோ அடுத்த வரியைப் பாடினார்கள்.

திரும்பிப் பார்த்தால், எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, மல்லிகைச் சரம், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"நீயும் பாப்பியா?" என்றேன்.

"தெனமும். டீ குடுக்குறப்ப ரெண்டு கையால குடுப்பாளே, அது எனக்கு உயிர்" என்றாள்.

அவள்தான் கஸ்தூரி. கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பம் அவளுக்கு. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா பூங்காவனம் மீன் விற்கிறவர். குப்பத்திலிருந்து எங்கள் கம்பெனிக்குள் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த முதல் பெண். அவள் என்னைவிட எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. அதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

வெற்றிலை சுற்றின சோறு

அன்றிலிருந்து மதியம் எங்கள் இருவருக்கும் தனி மேஜை. மெஷினிலிருந்து வரும் சர்க்கரைத் தண்ணீர் டீயைக் காகிதக் கப்பில் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்தி, தலையை லேசாகக் குனிந்து ஒருத்திக்கொருத்தி கொடுத்துக்கொள்வோம். பக்கத்து மேஜைக்காரர்கள் எங்களுக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்கலாம்.

சனிக்கிழமைகளில் கஸ்தூரி சேலையூருக்கு வந்துவிடுவாள். படத்தில் பார்த்ததையெல்லாம் சமைப்போம். இரண்டு நிமிட நூடுல்ஸில் தண்ணீரை ஊற்றி, அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மேலே மிதக்கவிட்டு, வெங்காயத்தாளைத் தூவி, குச்சியால் சாப்பிடுவோம். குச்சி என்பது அம்மாவின் ஸ்வெட்டர் பின்னும் ஊசி.

சோற்று உருண்டைதான் சிரமப்படுத்தியது. எங்கள் பொன்னி அரிசி, பக்கத்துப் பருக்கையோடு பேசக்கூட மாட்டேன் என்கிற ரகம். பச்சரிசியைக் குழைய வடித்துப் பார்த்தோம், ஒட்டியது. உள்ளே வைக்க கஸ்தூரி வீட்டிலிருந்து சென்னாக்குன்னி கொண்டுவருவாள். பொடிப்பொடியாக இருக்கும் இறால் கருவாடு அது. மிளகாய் போட்டு வறுத்தால் தெருமுனை வரை மணக்கும். படத்தில் உருண்டையைச் சுற்றி ஏதோ கரும்பச்சைத் தாள் இருக்கும். தாம்பரம் மார்க்கெட்டில் கரும்பச்சையாக இருந்தது வெற்றிலைதான். சுற்றினோம். வாயில் வைத்ததும் விருந்து முடிந்து கைகழுவப் போகிற உணர்வு வந்துவிட்டது. வெற்றிலையை உருவிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

அம்மா சேலையூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கதவோரம் நின்று இதையெல்லாம் பார்ப்பாள். "கழுத வயசாகுது ரெண்டுக்கும்" என்பாள். ஆனால் கஸ்தூரி வருகிற சனிக்கிழமை என்றால் காலையிலேயே பச்சரிசி ஊறியிருக்கும்.

டப்பா வந்த கதை

எங்கள் டீம் லீட் வேலையாக ஜப்பான் போய்விட்டு வந்தார். எல்லோருக்கும் சாக்லேட். எனக்கு மட்டும், ஆபீசில் ஜப்பான் பைத்தியம் என்று நான் வாங்கியிருந்த பெயரின் மரியாதைக்கு, ஒரு பச்சை டப்பா. அசல் ஜப்பான் தேயிலைப் பொடி. வெந்நீரில் போட்டு நுரை வரக் கடைந்து குடிப்பது.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் எதையும் வீட்டில் வைக்க மாட்டாள். கத்தரிக்கோலால் உள்பாக்கெட்டை வெட்டினாள், முகர்ந்தாள், ரப்பர் பேண்டு போட்டு மூடினாள். நான் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனேன்.

"இப்பவேவா? இதெல்லாம் தெனம் குடிக்கிறதா? யாராவது வந்தா எடுக்கலாம்" என்று சொல்லி, டப்பாவைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

எங்கள் வீட்டு பீரோவைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். துபாயிலிருந்து மாமா கொடுத்த சென்ட் பாட்டில் அதில் இருந்தது. யாரும் போட்டுக்கொள்ளாமலே அது பாதியாகிவிட்டது. வாசனை போன வெளிநாட்டு சோப்பு, வெளுத்துப்போன சாக்லேட், பெட்டி பிரிக்காத கண்ணாடிக் கிண்ணங்கள், எல்லாம் "யாராவது வந்தா" எடுக்க. போதகர் வந்தார், எடுக்கவில்லை. பெரியப்பா வந்தார், எடுக்கவில்லை. அந்த "யாராவது" யார் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வரும்போது தெரியும் என்பாள்.

டப்பாவும் மாசக்கணக்கில் அங்கேயே இருந்தது. புடவைகளோடு புடவையாக, அந்துருண்டைகளுக்கு மத்தியில். பாச்சா உருண்டை என்றும் சொல்வார்களே, வெள்ளையாக, பூச்சி வராமலிருக்கப் போடுவது, அதேதான்.

படத்துல ஒரு புள்ளைக்கும் ஆத்தா இல்லியே

கம்பெனியில் சாயந்திரம் ஜப்பான் மொழி வகுப்பு ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் ஓடிப்போய்ச் சேர்ந்தோம். எனக்குச் சில வாரங்களிலேயே எழுத்தெல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்துவிட்டது. கஸ்தூரி தேறினாள். தேறினது மட்டுமல்ல, ஒரு வருஷ வேலைக்கு ஜப்பான் போகிற குழுவில் அவள் பெயர் வந்தது.

பொறாமை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ராத்திரி முழுக்கப் பொறாமைப்பட்டேன். காலையில் எழுந்து பார்த்தால், எங்கள் இருவரில் ஒருத்தியாவது அந்த ரயில் நிலையத்தைப் பார்ப்பாளே என்று சந்தோஷம்தான் மிச்சமிருந்தது.

ஆனால் பூங்காவனம் அம்மா முடியாது என்றுவிட்டார். அந்த வீட்டில் முடிவெடுப்பது அவர்தான். அடுத்த வாரத்துக்குள் கஸ்தூரி சம்மதம் சொல்லவில்லையென்றால் கம்பெனி வேறு ஆளை அனுப்பிவிடும். இந்த வாய்ப்பு இன்னொரு முறை வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பேசிப் பார்க்கிறேன் என்று குப்பத்துக்குக் கிளம்பிப் போனேன்.

போன நேரத்தில் டிவியில் அதே கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவனம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே முறத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். கை ஒருபக்கம், கண் ஒருபக்கம். எனக்குத் தட்டு நிறையச் சோறும் சங்கரா மீன் குழம்பும் போட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"சப்பானப் பத்தித்தானே பேச வந்த? எனக்கும் தெரியும். இவளோட குந்திகினு தெனம் நானும் பாத்துகினுதான் கீறேன். ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. இதுல ஒரு புள்ளைக்காச்சும் ஆத்தா அப்பன் கீதா?"

நான் வாயில் சோற்றோடு யோசித்தேன்.

"டீக்கட வச்சிகினு கீதே இந்தப் பொண்ணு, இத்த யாரு பாத்துக்குறாங்க? ஒரு பூன. அந்த ரோபோ பையன், அவனுக்கும் யாரும் இல்ல. பேய் ஓட்டுற புள்ள, அதுவும் தனியா ஒரு வூட்டுல கீது. தனியா ரயில்ல போவுது, தனியா துன்னுது, தனியா படுத்துக்குது. ஒடம்பு சரியில்லன்னா தலையத் தொட்டுப் பாக்க ஆளு கிடையாது. அந்த ஊருக்கா எம்பொண்ண அனுப்பச் சொல்றே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷக்கணக்காகப் பார்த்த படங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், நிஜமாகவே ஒரு குழந்தைக்கும் அப்பா அம்மா இல்லை. செத்துப்போயிருக்கிறார்கள், காணாமல் போயிருக்கிறார்கள், தூரதேசத்தில் வேலையில் இருக்கிறார்கள். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. நான் சோற்றில் வந்த ஆவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது கதைம்மா" என்றாள் கஸ்தூரி, அழுகிற குரலில்.

"இருக்கட்டும். இல்லாதத்தையா படமா எடுப்பாங்க?"

திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரை கஸ்தூரி கூட வந்தாள். பஸ் வரும் நேரத்தில், "நாமளே பாத்து நாமளே கெடுத்துக்கினோம்டி" என்றாள். அவளையும் அவள் அம்மாவையும் தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தது அந்தப் பைத்தியம்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்தபடி முழுக்கக் கேட்டாள். கடைசியில், "அவங்கள ஞாயித்துக்கிழமை டீக்கு வரச்சொல்லு" என்றாள்.

"எதுக்கு?"

"படத்துல பாத்துப் பயந்திருக்காங்க. நாம நேர்ல காட்டுவோம். டீயும் சோறும் குடுத்து உபசரிக்கிற ஊருன்னு தெரியட்டும். பீரோல இருக்கிறத எடுக்கிறேன்."

போதகராலும் பெரியப்பாவாலும் ஆக முடியாத அந்த "யாராவது" வந்துவிட்டார்.

கேட்டுக்கு வெளியே நின்றவர்

ஞாயிற்றுக்கிழமைதான் மீன் வியாபாரத்துக்கு முக்கியமான நாள். அதை முடித்துவிட்டு, குளித்து, பூ வைத்து, கேளம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து மகளோடு வந்து சேர்ந்தார் பூங்காவனம் அம்மா. கையில் ஒயர் கூடை. அதில் எவர்சில்வர் தூக்கு நிறைய, சுத்தம் செய்த கொடுவா மீன்.

கஸ்தூரி நேராக உள்ளே வந்துவிட்டாள். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கேட் திறந்துதான் இருந்தது. அம்மா வாசலுக்குப் போய், "ஏன் அங்கேயே நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்று கூடையை வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் செருப்பைக் கழற்றினார்.

நாங்கள் ஹாலை ஜப்பானாக மாற்றியிருந்தோம். சோபாவை ஓரம் தள்ளி, டீப்பாயை நடுவில் போட்டு, சுற்றிலும் தரையில் மெத்தைத் துண்டுகள். "அந்த ஊர்ல இப்படித்தான் ஆன்ட்டி, கீழ உக்காந்துதான் சாப்பிடுவாங்க" என்றேன் பெருமையாக.

"நம்ம வூட்லயும் அதானே? அப்ப சப்பான்காரன் நம்ம ஆளுதான்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முட்டிவலிக்காரியான அம்மா மட்டும்தான் எங்கள் ஜப்பானில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள்.

அதற்குப் பிறகுதான் மிளகு டப்பா, சாவி, பீரோ. முதலில் சொன்னேனே, அது.

அம்மா பெட்டி பிரிக்காத கண்ணாடிக் கிண்ணங்களையும் அன்றைக்குப் பிரித்தாள். வெந்நீரை ஊற்றி, பொடியைப் போட்டேன். டப்பாவின் படத்தில் இருந்த பச்சை பொடியில் இல்லை. காய்ந்த மருதாணி நிறத்தில் இருந்தது. அசல் சரக்கு அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். கடைவதற்கு மூங்கில் மத்து வேண்டும் என்பார்கள். எங்களிடம் இருந்தது தயிர் கடையும் சின்ன மத்து. நுரை வந்தது. அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்தாள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல வழியைக் காட்டும்" என்று முடித்தாள். பூங்காவனம் அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

கஸ்தூரி கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, தலை குனிந்து, தன் அம்மாவிடம் கொடுத்தாள். எத்தனை மதியம் காகிதக் கப்பில் பழகியது.

அவர் வாயில் வைத்தார். நானும் என் கிண்ணத்தை எடுத்து ஒரு மடக்குக் குடித்தேன்.

அந்துருண்டை.

சந்தேகமே வேண்டாம். அச்சு அசல் அந்துருண்டை. எங்கள் பெரிய அத்தையின் முகூர்த்தப் புடவையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தது போல இருந்தது. மாசக்கணக்கில் திறந்த பாக்கெட்டில் கிடந்து, பீரோவின் வாசனை முழுவதையும் அந்தப் பொடி குடித்திருக்கிறது. திறக்கும்போதே எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடே அந்துருண்டை வாசனைதான். சர்ச்சுக்கென்று அந்துருண்டை போட்டுத் தனிப்பெட்டியில் வைத்திருக்கும் புடவையை அம்மா இன்னும் மாற்றவில்லை. அந்த வாசனைக்குள் உட்கார்ந்துகொண்டு அதைத் தனியாக எப்படி முகர்வது?

கஸ்தூரியைப் பார்த்தேன். கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர் முட்டி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தாள். அம்மா நிதானமாக உறிஞ்சி, "மருந்து மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பூங்காவனம் அம்மாவோ, மகள் கொடுத்தது போலவே இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிண்ணத்தை மெதுவாக டீப்பாயில் வைத்தார்.

"இத்த எங்க டீச்சரம்மா வச்சிருந்தீங்க?"

"பீரோலதான். பட்டுப்புடவைக்கு நடுவுல. யாருக்கும் தொடக்கூட விடல. இன்னிக்கு உங்களுக்காகத்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா, முகம் மலர.

அவர் திரும்பிப் படுக்கையறைப் பக்கம் பார்த்தார். பீரோ கதவு இன்னும் திறந்திருந்தது. அப்புறம் சோற்று உருண்டையை எடுத்துச் சாப்பிட்டார். கருவாட்டில் உப்பு கம்மி என்றார். ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும் என்று எழுந்துவிட்டார்.

அவரவர் காரணம்

கேட் மூடின சத்தம் கேட்டதும் நான் அம்மாவின் மேல் பாய்ந்தேன். "தேயிலைய யாராவது அந்துருண்டையோட வைப்பாங்களா? ஒரு பொண்ணோட வாழ்க்கைம்மா!" அம்மா கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிண்ணங்களைக் கழுவி, துடைத்து, திரும்பப் பெட்டியில் அடுக்கினாள். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த உபசாரத்தை அவள் முழு மனசோடு செய்திருந்தாள். அது தெரிந்தும் கத்தினேன்.

திங்கட்கிழமை கஸ்தூரி வேலைக்கு வரவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீனில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா போகச் சொல்லிடுச்சு."

"என்னது?"

"நேத்து பூரா பாஸ்போர்ட்டு ஜெராக்ஸு அது இதுன்னு என்கூடவே அலைஞ்சிது. ஏன்னு கேட்டா, போன்னா போன்னுது. நேத்து பூரா அழுதேன்டி நான்."

காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்றாள் அம்மா. சென்னாக்குன்னி உருண்டைதான் என்றேன் நான். கீழே உட்காரவைத்ததில் மனசு இளகிவிட்டது என்பது கஸ்தூரியின் கட்சி. டீயைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

கஸ்தூரி போனாள். அந்த வருஷம் முழுக்க, சில ஞாயிற்றுக்கிழமைகளில், வியாபாரம் முடித்துவிட்டுப் பூங்காவனம் அம்மா சேலையூருக்கு வருவார். கேட்டில் நிற்க மாட்டார். நேராக அடுக்களைக்குள் போய் மீனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட டீயை வாங்கிக்கொண்டு உட்காருவார். முந்தின நாள் போனில் மகள் சொன்னதையெல்லாம் சொல்வார். அங்கே ரயில் ஒரு நிமிஷம்கூடத் தாமதமாக வராதாம் என்று அவர் சொல்ல, தாம்பரத்தில் இருந்துகொண்டு அதை நம்ப அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

புது டப்பா

வருஷம் முடிந்து கஸ்தூரி திரும்பி வந்தபோது நானும் அம்மாவும் குப்பத்துக்குப் போனோம். அவள் கொஞ்சம் வெளுத்திருந்தாள், மற்றபடி அதே வழித்துச் சீவிய தலை. மலையடிவாரத்து ரயில் நிலையம் ஒன்றில் அவள் நின்றுகொண்டிருக்கும் போட்டோவைக் காட்டினாள். டீக்கடை இல்லை, காசு போட்டால் டீ வரும் மெஷின்தான் இருந்தது. பூனை மட்டும் இருந்தது.

அவளும் ஒரு பச்சை டப்பா வாங்கி வந்திருந்தாள். அங்கேயே மூங்கில் மத்தால் கடைந்து எல்லோருக்கும் கொடுத்தாள். நல்ல இலைப் பச்சை. மழை பெய்து முடித்த புல்லின் வாசனை. கசப்புக்குப் பின்னால் லேசான இனிப்பு. இதுதானா இத்தனை நாள் நான் ஏங்கின டீ என்று கண்ணை மூடிக் குடித்தேன்.

பூங்காவனம் அம்மா குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்னா இது, அந்த வாசமே இல்லியே? உன்ன ஏமாத்திட்டாங்க. அன்னிக்கு டீச்சரம்மா வூட்டுல குடிச்சனே, அதான் ஒரிசினலு."

நானும் கஸ்தூரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நிமிஷம் பூங்காவனம் அம்மாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"டீச்சரம்மா, பாச்சா உருண்ட வாசம் எனக்குத் தெரியாதா? எங்க வூட்லயும் பீரோ கீது. மொத வாயிலயே தெரிஞ்சிபோச்சி."

"அப்புறம் ஏங்க அத்தனையும் குடிச்சீங்க?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"எத்தினி வூட்டு கேட்டாண்ட மீன் கூடைய எறக்கிருப்பேன் டீச்சரம்மா. நல்லவங்கதான், கேட்டா தண்ணி குடுப்பாங்க. ஆனா யாரும் பீரோவத் தொறந்து எனக்கு எதையும் எடுத்தாந்ததில்ல. நீங்க பட்டுப்பொடவைக்கு நடுவுல பொத்திப் பொத்தி வச்சிருந்தத எடுத்துக் குடுத்தீங்க. அத்தப் போயி நான் துப்புவேனா?"

வெளியே வலை காயப்போட்டிருந்த பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

"பஸ்ஸுல போறப்ப வழி பூரா நெனச்சிகினே போனேன். எம்பொண்ணு அந்தப் படத்துல வர புள்ளைங்க மாரி இல்ல. அதுக்கு ஆத்தா நான் கீறேன். எனக்கு இன்னா ஆனாலும், பீரோவத் தொறக்குற ஒரு வூடு தாம்பரத்துல கீது. அப்புறம் அது எங்க போனா இன்னா? அதான் போன்னு சொன்னேன்."

அம்மா அழுதுவிட்டாள். நானும்தான். கஸ்தூரி தன் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தலையைத் தொட்டுப் பார்க்க ஆளில்லாத ஊரிலிருந்து வந்தவளின் தலையை அவர் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு சுற்று டீ போடலாமா என்று கஸ்தூரி டப்பாவை எடுத்தாள். பூங்காவனம் அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"போதும். இத்த நான் வைக்கிறேன். எதிர்வூட்டுப் பொண்ணு நர்சு வேலைக்கு துபாய் போவுதாம். அது ஆத்தாக்காரி ஒரு வாரமா அழுதுகினு கீறா. வருவா, அவளுக்குப் போட்டுக் குடுக்கணும்."

உள்ளே போய்த் தன் பீரோவைத் திறந்தார். புடவை அடுக்கை விலக்கி, நடுவில் டப்பாவை வைத்தார். வைத்துவிட்டு, அந்தத் தட்டில் கிடந்த பாச்சா உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, ஜன்னல் வழியாக வெளியே போட்டார்.